மேகத்துக்குச் சாவி யாரு கையில?

இந்தத் தடவை மொக்கை இல்ல, கொஞ்சம் சண்டை. சோடா பாட்டிலோட தயாரா உக்காருங்க :-)

"கிளவுட் படிக்கணும், எங்க ஆரம்பிக்கிறது?"ன்னு எந்தத் தம்பி தங்கச்சி கேட்டாலும் நம்ம பொட்டி தட்டுற மக்கள் சொல்ற பதில் ஒண்ணே ஒண்ணுதான். "ஏடபிள்யூஎஸ் சர்டிஃபிகேட் எடுத்துடு". இன்னும் கொஞ்சம் விவரமான ஆளுன்னா அஷூர், கூகுள்னு இன்னும் ரெண்டு கடை பேரைச் சேத்துக்குவாரு. ஓப்பன்ஸ்டாக், கிளவுட்ஸ்டாக், ஓப்பன்நெபுலான்னு நாம வாயத் திறந்தா, "அதெல்லாம் செத்துப்போன குதிரைங்க, எவன் வேலை குடுப்பான்?"னு ஒரு நக்கல் சிரிப்பு. இந்தப் பதிவு அந்தச் சிரிப்புக்கு எதிரானது.

என் கட்சி இதுதான். மேகக் கணிமையைப் புதுசா கத்துக்கறவங்க முதல்ல திறமூல மேகத்துலதான் கை வைக்கணும். கடைக்கு அப்புறம் போகலாம். இப்ப நாம பண்ணிட்டு இருக்கிறது, சமையல் கத்துக்க வந்தவன் கையில ஓட்டல் மெனு கார்டைக் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்ற வேலை.

மேகம்னா என்னாங்க?

வானத்துல ஒண்ணும் இல்ல. எங்கயோ ஒரு பெரிய கட்டடத்துல ஏசி போட்டு அடுக்கி வெச்சிருக்கிற வழங்கிகள்தான். ஒரு பெரிய வழங்கியைப் பல சின்னச் சின்ன மெய்நிகர் பொட்டிகளாப் பிரிக்கிற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர்னு பேரு. ஆனா அது மட்டும் இருந்தா மேகம் ஆயிடாது.

கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கறோம் இல்லையா, அதை நினைச்சுக்கங்க. ஐநூறு தட்டை யாரும் விலைக்கு வாங்கறதில்ல. கேட்டா வரும், பந்தி பெருத்தா இன்னும் நூறு வரும், முடிஞ்சதும் எண்ணிக் குடுத்துட்டு காசு கட்டிட்டு வந்துடலாம். அதே தட்டு அடுத்த வாரம் இன்னொருத்தர் வீட்டு விசேஷத்துல இருக்கும். அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2011ல மேகத்துக்கு அஞ்சு இலக்கணம் சொல்லிச்சு. நீங்களே கேட்டு எடுத்துக்கலாம், எங்கிருந்தும் பிணையம் வழியா எட்டலாம், எல்லாருக்கும் பொதுவான இருப்பு, வேணும்போது பெருசாக்கிச் சிறுசாக்கலாம், பயன்படுத்தினதை அளந்து கணக்கு பாக்கலாம். அம்புட்டுதான்.

இந்த வியாபாரம் சூடு பிடிச்சது 2006ல. மார்ச்சுல அமேசானோட எஸ்3 வந்துச்சு, கோப்பு வெக்கிற இடம். ஆகஸ்டுல ஈசி2 வந்துச்சு, வாடகைப் பொட்டி. 2008 செப்டம்பர்ல ஒரே மாசத்துல ரெண்டு பேர் மேகத்தைத் திட்டினாங்க. ஒருத்தர் ஆரக்கிள் முதலாளி லாரி எல்லிசன். எல்லாம் வெறும் ஃபேஷன், ஒளறல்னாரு. இன்னொருத்தர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அடுத்தவன் பொட்டியில உன் வேலையைக் குடுத்தா உன் பிடி போயிடும்னாரு. எல்லிசன் கம்பெனி இன்னிக்கு ஜோரா மேகம் விக்குது. ஸ்டால்மன் கேட்ட கேள்வி மட்டும் பதில் இல்லாம அப்படியே நிக்குது.

நம்ம பக்கம் என்ன இருக்கு?

அமேசான் கடை திறந்த கொஞ்ச காலத்துலயே, "இதே மாதிரி நம்ம சொந்த வழங்கியில கட்டிக்க முடியாதா?"ன்னு ஆராய்ச்சிக்காரங்க கிளம்பிட்டாங்க.

யூகலிப்டஸ்: கலிஃபோர்னியாவுல சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்துல பொறந்தது, 2008ல வெளிய வந்துச்சு. அமேசானோட அதே கட்டளைகளுக்கு வேலை செய்யும்.

ஓப்பன்நெபுலா: மாட்ரிட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி. இதுவும் 2008ல வெளியாச்சு, இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. சின்ன இடத்துக்குத் தோதானது.

ஓப்பன்ஸ்டாக்: 2010 ஜூலையில நாசாவும் ராக்ஸ்பேஸும் சேந்து ஆரம்பிச்சது. கதை சுவாரசியமானது. நாசாக்காரங்க முதல்ல யூகலிப்டஸைத்தான் வெச்சிருந்தாங்க. ஆனா அதுல ஒரு பகுதி காசு குடுக்கறவங்களுக்கு மட்டும்னு பூட்டி வெச்சிருந்தது. நமக்கு வேணும்ங்கிற மாதிரி மாத்த முடியலையேன்னு நோவான்னு ஒண்ணைத் தாங்களே எழுதிட்டாங்க. அரை கதவு திறந்திருந்தா அது திறந்த வீடு இல்லன்னு அப்பவே புரிஞ்சவங்க.

கிளவுட்ஸ்டாக்: சிட்ரிக்ஸ் 2011ல விலைக்கு வாங்கி, 2012ல அப்பாச்சி அறக்கட்டளைக்குத் தானம் பண்ணிடுச்சு. நிறுவறது ஓப்பன்ஸ்டாக்கை விட சுலபம்.

ஓப்பன்ஸ்டாக்கைப் பிரிச்சுப் பாத்தா மேகத்தோட உடற்கூறே தெரிஞ்சிடும். நோவா பொட்டிகளை ஓட்டும். நியூட்ரான் பிணையத்தைக் கவனிக்கும். சிண்டர் வட்டு குடுக்கும். ஸ்விஃப்ட் கோப்புக் கிடங்கு. கிளான்ஸ்ல இயங்குதளப் படிமங்கள் இருக்கும். நீ யாரு, உனக்கு என்ன அனுமதின்னு கேக்கற வாசக்காரர் கீஸ்டோன். கண்ணுக்குத் தெரியற முகப்பு ஹொரைசான். இந்த ஏழும் புரிஞ்சவனுக்கு அமேசான் கடையில ஈசி2, விபிசி, ஈபிஎஸ், எஸ்3, ஐஏஎம்னு போட்டிருக்கிற பலகையெல்லாம் பழகின ஆளுங்க மாறுவேஷத்துல வந்த மாதிரிதான் தெரியும். தலைகீழாப் போங்க, அது நடக்காது. கடைப் பலகையை மட்டும் படிச்சவனுக்கு உள்ள என்ன வேகுதுன்னு கடைசி வரை தெரியாது.

செத்துப்போச்சாம்! ஆறு மாசத்துக்கு ஒரு வெளியீடுன்னு ஓப்பன்ஸ்டாக் இன்னும் வந்துட்டு இருக்கு. 2025 அக்டோபர்ல ஃபிளமிங்கோன்னு ஒண்ணு வந்துச்சு. ஜெனீவா பக்கத்துல அணுத்துகள்களை மோத விட்டு ஆராய்ச்சி பண்ற செர்ன், 2013லேருந்து லட்சக்கணக்கான கோர்களை இதுல ஓட்டியிருக்கு. நல்லா இருக்கு இந்தப் பொணம் :-)

கடைக்காரர் எங்க தண்ணி எடுத்தார்?

இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்ல. அமேசான் மேகம் முதல்ல ஓடினது ஜென் ஹைப்பர்வைசர்ல. அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல பொறந்த திறமூல மென்பொருள். 2017லேருந்து அவங்க நகர ஆரம்பிச்சது கேவிஎம் அடிப்படைக்கு. அது 2007லயே லினக்ஸ் கருவுக்குள்ள சேந்தது. கூகுள் மேகத்துக்கு அடியிலயும் கேவிஎம்தான். ஊர் கூடி வெட்டின குளம். பாட்டில்ல புடிச்சு லேபிள் ஒட்டி விக்கறாங்க. விக்கட்டும், உரிமம் அனுமதிக்குது. அதுல எனக்குச் சண்டை இல்ல. குளம் இருக்கிறதே தெரியாம நம்ம பசங்க பாட்டிலை மட்டும் பாத்து வளர்றாங்களே, சண்டை அங்கதான்.

சாவி விவகாரம்

"எவன் மேகமா இருந்தா என்ன, வேலை நடந்தா சரி"ன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு சம்பவம்.

ஒண்ணு. 2025 ஜூலையில ஐரோப்பிய ஒன்றியம் குஜராத்துல இருக்கிற நயாரா எண்ணெய் கம்பெனி மேல தடை போட்டுச்சு, ரஷ்யப் பங்கு இருக்குன்னு. சில நாள்லயே மைக்ரோசாஃப்ட் அவங்க மின்னஞ்சல், டீம்ஸ் சேவையை நிறுத்திடுச்சு. கவனிங்க, கம்பெனி இந்தியாவுல, காசு கட்டின சேவை, இந்தியச் சட்டப்படி எந்தத் தடையும் இல்ல. அவங்க தில்லி உயர் நீதிமன்றம் போனாங்க, அந்த மாசக் கடைசியில சேவை திரும்ப வந்துச்சு. தடை சரியா தப்பாங்கறது வேற பஞ்சாயத்து. எங்கயோ ஒரு நாட்டுல எடுத்த முடிவுக்கு இங்க ஒரு கம்பெனியோட தபால் பெட்டி பூட்டிக்குது, அதுதான் நான் சொல்ல வர்றது.

ரெண்டு. பிராட்காம் 2023 நவம்பர்ல விஎம்வேரை வாங்கி முடிச்சுது. அடுத்த மாசமே "ஒரு தடவை வாங்கினா உனக்கே சொந்தம்"ங்கிற உரிமத்தை விக்கறதை நிறுத்தி, இனிமே சந்தாதான்னு சொல்லிடுச்சு. பத்து பதினஞ்சு வருஷமா அது ஒண்ணையே நம்பி வழங்கி அறை கட்டின கம்பெனிங்களோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. வீட்டுக்காரர் மாறினா வாடகை மாறும்.

தரவை உள்ள போட காசில்ல, வெளிய எடுத்தா கட்டணம்னு ஒரு வழக்கமும் இருக்கு. 2024 ஆரம்பத்துல கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூணும் மொத்தமா காலி பண்ணிட்டுப் போறவங்களுக்கு அதை விட்டுக்குடுத்தாங்க. சந்தோஷம். ஆனா தரவை எடுத்துட்டு வந்தா போதுமா? அந்தக் கடையில மட்டும் கிடைக்கிற சேவைங்களை நம்பி எழுதின நிரலை என்ன பண்றது? உக்காந்து திரும்ப எழுதணும்.

திறமூலம்னா எல்லாம் சுபமா?

இல்ல. நம்ம பக்கமும் ஓட்டை உண்டு. டெராஃபார்ம்னு ஒரு கருவி, மேகத்தையே நிரலா எழுத உதவறது. அதோட கம்பெனி ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டுல உரிமத்தை மாத்தி, திறமூலம்ங்கிற வரையறைக்கு வெளிய கொண்டு போயிடுச்சு. ரெடிஸ் 2024 மார்ச்சுல அதே மாதிரி. ஆனா பாருங்க, ஜனங்க பழைய நிரலை எடுத்துக் கிளைச்சாங்க. ஒண்ணு ஓப்பன்டோஃபு ஆச்சு, இன்னொண்ணு வால்கீ ஆச்சு. ரெண்டும் லினக்ஸ் அறக்கட்டளைக் கூரைக்குக் கீழ ஓடுது. ரெடிஸ் 2025ல மறுபடி ஒரு திறமூல உரிமத்தையும் சேத்துக்கிச்சு.

இதுதான் வித்தியாசம். நயாராவுக்கு நீதிமன்றம் போறதைத் தவிர வழி இல்ல. டெராஃபார்ம் மக்களுக்கு நிரலே கையில இருந்துச்சு. அதனால புதுசா வர்றவங்க ரெண்டு கேள்வி கேட்டுப் பழகுங்க. உரிமம் என்ன? நிர்வாகம் ஒரு கம்பெனி கையிலயா, அறக்கட்டளை கையிலயா? ஓப்பன்ஸ்டாக், கிளவுட்ஸ்டாக், குபெர்னெட்டீஸ் மூணுமே அறக்கட்டளைகள் கிட்ட இருக்கு. ஒரு முதலாளி தூக்கத்துல எடுத்த முடிவால அது மாறாது.

"ஆனா..."ன்னு இழுக்கறவங்களுக்கு

"இது இலவசமா?" நிரல் இலவசம். மின்சாரம், வட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பாக்கற ஆள், இதெல்லாம் இலவசம் இல்ல. நாலு பேர் நடத்தற கடைக்கு வாடகை மேகமே லாபமா இருக்கலாம். நான் எல்லாரையும் குடி பெயரச் சொல்லல, கத்துக்கறதைப் பத்திதான் பேசறேன்.

"கஷ்டம்யா." ஆமா, கஷ்டம்தான். பிணையம் புரியாம நியூட்ரான் புரியாது. அந்தக் கஷ்டம்தான் படிப்பு.

"வேலை?" லினக்ஸ், பிணையம், வட்டு, அனுமதி இந்த நாலும் தெரிஞ்சவன் எந்தக் கடையிலயும் பொழைச்சுக்குவான். பலகை படிச்சவன் பலகை மாறினா மறுபடி பரீட்சைக் கட்டணம் கட்டணும்.

எங்க தெருவுல ஒரு பையன், பொறியியல் மூணாம் வருஷம். இலவசம்னு போட்டிருந்ததை நம்பி ஒரு மேகக் கம்பெனியில அப்பா கார்டைக் குடுத்துப் பழகினான். எந்தப் பொத்தானுக்கு மீட்டர் ஓடுதுன்னு சொல்ல ஆளில்ல. மாசக் கடைசியில வந்த பில்லைப் பாத்து அவங்கப்பா கிளவுட்டே வேணாம்னுட்டாரு. சொந்தப் பொட்டியில பழகியிருந்தா வந்திருக்கிறது கரண்ட் பில் மட்டும்தான்.

சரி, எங்க ஆரம்பிக்கிறது?

16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு பழைய டெஸ்க்டாப் போதும். பயாஸ்ல மெய்நிகராக்கத்தை முடுக்கிட்டு, லினக்ஸ் போட்டு, கேவிஎம்ல ஒரு மெய்நிகர் பொட்டி உருவாக்குங்க. அதுக்குள்ள உபுண்டு நிறுவி டெவ்ஸ்டாக்கை ஓட்டுங்க. ஒரே பொட்டியில மொத்த ஓப்பன்ஸ்டாக்கையும் கட்டித் தரும். தினமும் புழங்கற பொட்டியில நேரா ஓட்டிடாதீங்க, அமைப்பையெல்லாம் கலைச்சுப் போட்டுடும். பாரம் தாங்கலைன்னா ஓப்பன்நெபுலாவோட மினிஒன் இருக்கு.

அப்புறம் ஹொரைசான்ல நுழைஞ்சு ஒரு பிணையம், ஒரு ரூட்டர், ஒரு குட்டிப் பொட்டி. கூடவே வர்ற சிர்ராஸ் படிமம் இதுக்குன்னே செஞ்ச துக்கடா. அதே வேலையை மறுபடி கட்டளை வரியில பண்ணுங்க. மூணாவது தடவை, வேணும்னே ஒரு சேவையை நிறுத்திட்டு எது உடையுதுன்னு பாருங்க. பதிவேட்டைப் படிங்க. எந்தக் கடைக்காரரும் தன் அடுப்படிக்குள்ள உங்களை இப்படி விளையாட விடமாட்டார்.

கல்லூரியில பாடம் எடுக்கற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகத்துல தூசி படிஞ்சு கிடக்கிற பொட்டிங்க நாலைச் சேத்துக் கட்டுங்க. பசங்களுக்கு அதுதான் மேகம். சர்டிஃபிகேட் அப்புறம் அவங்களே எடுத்துக்குவாங்க.

வாடகை வீட்டுல இருக்கிறது தப்பில்ல மக்களே. வீடு கட்டற வித்தையே தெரியாம ஒரு தலைமுறை வளர்றதுதான் தப்பு. மாற்றுக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க, காத்திருக்கேன்.

டிஸ்கி: எனக்கு எந்த மேகக் கடையிலயும் பங்கு கிடையாது. மழை மேகத்துல கூட இல்ல :-)