தகுதித் தராசு நேர்தானா?

"எங்களிடம் தகுதிக்குத்தான் இடம், சாதிக்கு இடமில்லை!" தனியார் கம்பெனிகளின் கதவைத் தட்டினால் கிடைக்கும் பதில் இது. அழகான பதில்! அரசு வேலையில் இடஒதுக்கீடு என்றதும் அலறுவோர், கம்பெனிகளைச் சுட்டிக்காட்டி, "பாரீர், அங்கே திறமை ஒன்றே அளவுகோல்" என்று பெருமை பேசுகின்றனர். பேசட்டும். அந்த அளவுகோல் நேராக இருக்கிறதா, வளைந்து கிடக்கிறதா என்று நாமும் பார்க்க வேண்டாமா?

பார்த்தார்கள், தோழர்களே! சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். ஆங்கில ஏடுகளில் தனியார் கம்பெனிகள் வெளியிட்ட விளம்பரங்களுக்கு, 66 வாரங்கள், 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒரே அளவு படிப்பு, ஒரே அளவு அனுபவம். பெயர் மட்டும் வேறு. ஒன்றில் மேல்சாதிப் பெயர், ஒன்றில் தாழ்த்தப்பட்டவர் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். 2007-இல் முடிவு வெளியாயிற்று. மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 100 என்று வைத்தால், தாழ்த்தப்பட்டவர் பெயருக்கு ஏறத்தாழ 67. முஸ்லிம் பெயருக்கு 33!

முகத்தைப் பார்த்தார்களா? இல்லை. பேச்சைக் கேட்டார்களா? இல்லை. வேலை வாங்கிப் பார்த்தார்களா? அதுவும் இல்லை. பெயரைப் படித்தார்கள், காகிதம் குப்பைக் கூடைக்குப் போயிற்று. இதற்குப் பெயர் தகுதியாம்!

சரி, பெயர் என்ற முதல் வாசலைத் தாண்டிவிட்டான் ஒருவன். அடுத்து நேர்காணல். தில்லி வட்டாரத்தில் ஆள் எடுக்கும் அதிகாரிகள் 25 பேரைச் சுரிந்தர் ஜோத்காவும் காதரின் நியூமனும் கண்டு பேசினர். அந்த ஆய்வும் 2007-இல் வந்தது. "தகுதியே முக்கியம்" என்றனர் அதிகாரிகள். உடனே, "குடும்பப் பின்னணியையும் கேட்போம்" என்றனர்! தகப்பன் என்ன உத்தியோகம், உடன்பிறந்தார் என்ன படிப்பு, பட்டணமா பட்டிக்காடா? லேத் ஓட்டப் போகிறவனுக்கும் கணக்கு எழுதப் போகிறவனுக்கும் தகப்பனின் உத்தியோகம் எதற்கு? கேட்பது குடும்பம், தெரிந்துகொள்வது குலம்.

"இது இந்த நாட்டு நோய்" என்று சொல்லித் தப்ப முடியாது. அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் இதேபோல ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. கறுப்பர் பெயருக்குப் பதினைந்துக்கு ஒன்று. அங்கே நிறம், இங்கே சாதி; நோய் ஒன்றுதான்.

"மனிதன் பாரபட்சம் காட்டுவான், இயந்திரம் காட்டாது. கம்ப்யூட்டரிடம் விடுவோம்" என்கிறார்கள் இப்போது. அமேசான் கம்பெனி அதையும் செய்து பார்த்தது. பத்தாண்டுக் காலம் தனக்கு வந்த விண்ணப்பங்களைக் காட்டி இயந்திரத்தைப் பழக்கியது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. இயந்திரம் என்ன கற்றது? 'பெண்கள்' என்ற சொல் வந்த விண்ணப்பத்துக்கு மதிப்பெண்ணைக் குறைக்கக் கற்றது! கம்பெனி அந்தத் திட்டத்தையே கைவிட்ட சேதி 2018-இல் வெளிவந்தது. பழைய ஏட்டைப் படித்த இயந்திரம் பழைய பாட்டைத்தானே பாடும்!

தொலைதூரம் போவானேன்? நம் ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். அங்குள்ள பாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர் செய்தி வெளியிட்டது. கம்பெனி மறுத்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தாலி கட்டிய மறுநாள் விரலின் வேகம் குறைந்துவிடுமா? இந்தக் கேள்வி அந்த ஓர் ஆலையோடு முடிவதல்ல; பெண்ணை வேலைக்கு எடுக்கும் ஒவ்வொரு ஆலையின் வாசலிலும் கேட்கப்பட வேண்டியது.

சட்டம் இல்லையா என்பீர்கள். காலி இடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-இலேயே சட்டம் வந்தது. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும் அதில் வைக்கவில்லை. கதவு எங்கே என்று காட்டினார்கள். சாவியை முதலாளியிடமே விட்டுவிட்டார்கள்.

நம் பக்கத்தையும் பேசியாக வேண்டும். ஆலையில் ஓர் இடம் காலியானால், மேஸ்திரியின் காதில் சொல்லி மைத்துனனை நுழைக்கிறோமே, அது என்ன? ஒவ்வொருவரும் தன் தெருக்காரனையே அழைத்து வந்தால், அடுத்த தெருக்காரன் என்றைக்கு உள்ளே வருவான்? முதலாளி செய்தால் பாரபட்சம், நாம் செய்தால் பாசமா? சிபாரிசு என்பது வெளியே நிற்கும் ஏழையின் முகத்தில் அறையும் கதவு. அதை இழுத்துச் சாத்துவது யார் கையானாலும் குற்றம் குற்றமே.

ஆகவே, தொழிற்சங்கங்கள் கூலி உயர்வு கேட்கும் அதே கோரிக்கைத் தாளில் இவற்றையும் எழுதட்டும்: காலி இடம் எதுவானாலும் ஆலை வாசலில் அறிவிப்பு ஒட்டு. முதல் பொறுக்கலில் பெயரையும் ஊரையும் மறை. வந்தவர் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேள். மதிப்பெண்ணைத் தாளில் எழுது. செய்ய வேண்டிய வேலையையே செய்யச் சொல்லிப் பார். தகப்பன் பெயரும் தாலியும் உனக்கு வேண்டாம்.

தகுதியைக் கண்டு அஞ்சுபவர் அல்லர் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். உண்மையான தகுதித் தேர்வு வை என்றுதான் கேட்கிறார்கள். வைக்கத் துணிவு உண்டா, கம்பெனி கனவான்களே?