பாகம் கிடைத்துவிடும், சொல்லித்தர ஆள் கிடைப்பாரா?



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பழைய ராணுவ ஜீப் ஓடுகிற படத்தை இங்கே போட்டிருந்தேன். அன்று ராத்திரி வரை போன் ஓயவில்லை. முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "சார், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் எங்கே வாங்கினீங்க?" ஒருவர்கூட "யாரிடம் கேட்டுச் செய்தீங்க?" என்று கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி. இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உறவினர்களுக்கு இந்த வண்டியைத் தெரியும். என் தாய்மாமா வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டிரைவராக இருந்தார். எஸ்டேட்டில் இதைக் கழித்துவிட்டபோது அவரே விலைக்கு வாங்கி வீட்டுக்கு ஓட்டி வந்தார். அவர் போன பிறகு 22 வருடம் புளியமரத்தடியில் கோழி அடைகிற இடமாக இருந்தது. 2019-இல் நான் அதைத் தொட்டபோது, ரிட்டயர் ஆனதும் எனக்கு மரை கழன்றுவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

முதலில் எல்லோரும் கேட்ட பாக விஷயம்.

பழைய ராணுவ வண்டி என்றால் பாகமே கிடைக்காது என்று பலர் பயப்படுகிறார்கள். ஜீப்பைப் பொறுத்தவரை அது சரியல்ல. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் ஒரே வரைபடத்தை வைத்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைச் செய்து தள்ளின. போர் முடிந்த பிறகு மஹிந்திரா நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. பின்னால் வந்த சிஜே3பி மாடல் இங்கே பல ஆண்டுகள் தயாரானது. போர்க்கால ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 80 அங்குலம், சிஜே3பிக்கும் 80 அங்குலம். இஞ்சின் கொள்ளளவும் ஒன்றுதான், 134 கன அங்குலம். அதனால் அடிப்பாகச் சாமான்கள் பல இரண்டுக்கும் ஒத்துப்போகும்.

சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டையும் கோவைக்காரர்களுக்கு உக்கடமும் தெரியும். வடக்கே டெல்லி காஷ்மீரி கேட், மாயாபுரி, பஞ்சாப் - ஹரியானா எல்லையில் ஜீப்புக்கே பேர் போன மண்டி டப்வாலி என்று கடைத்தெருக்கள் இருக்கின்றன. பிலிப்பைன்ஸில் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்களிலிருந்துதான் அவர்களுடைய ஜீப்னி பஸ் பிறந்தது. அதனால் இந்த ஜீப்புக்குப் புது பாடித் தகடுகூட அங்கே அடிக்கிறார்கள்.

அனுபவத்தில் கற்ற சில விஷயங்கள்:

பேரிங், ஆயில் சீல் வாங்கப் போனால் கடையில் வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள். பேரிங்கில் வெட்டியிருக்கும் எண்ணையும், சீலின் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் ஆகியவற்றையும் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். "பழைய ஜீப்" என்று வாயைத் திறந்தால் விலை ஏறும். எண்ணைச் சொன்னால் அது வெறும் பேரிங்.

போல்ட் எல்லாம் அங்குல மரை. மில்லிமீட்டர் போல்ட் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "போகுதே" என்று ஸ்பேனரை அழுத்தினால் உள்மரை போய்விடும்.

வண்டி ஃபோர்டா வில்லிஸா என்று தெரிய, ரேடியேட்டருக்குக் கீழே குறுக்கே போகும் சட்டத்தைப் பாருங்கள். உருளைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த 'ப' மாதிரி இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டுக்காரர்கள் போல்ட் தலையில்கூடத் தங்கள் எஃப் எழுத்தை அச்சடித்திருப்பார்கள். எங்கள் வண்டி ஃபோர்டு.

பத்தாம் வகுப்பில் மின்திறன் பாடம் நினைவிருக்கிறதா? இந்த வண்டி 6 வோல்ட். அதே திறனுக்கு 12 வோல்ட் வண்டியைவிட இரண்டு மடங்கு மின்னோட்டம் பாயும். கடையில் கிடைக்கிற மெல்லிய பேட்டரி கேபிளைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் இழுக்கவில்லை, பேட்டரி மோசம் என்று புலம்புகிறார்கள். மோசம் பேட்டரி இல்லை, கேபிள்.

பிரேக் ட்ரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். நம் நுரையீரலுக்கு எந்தச் சந்தையிலும் ஸ்பேர் கிடைக்காது.

இவ்வளவுதான் பாகக் கதை. பணமும் பொறுமையும் இருந்தால் ஒன்றரை வருடத்தில் எல்லாம் சேர்த்துவிடலாம். நானும் சேர்த்தேன். இனி நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் வண்டியில் ஆயில் பம்ப் தேய்ந்துபோயிருந்தது. அலைந்து திரிந்து சிஜே3பியிலிருந்து கழற்றிய பம்ப் ஒன்றை வாங்கினேன். பார்க்க அச்சு அசல் அதே பம்ப். சந்தோஷத்தில், பக்கத்து ஊரில் இருந்த ஒரு பெரியவரிடம் காட்டப் போனேன். ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் வண்டி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அப்போது அவருக்கு 80 வயது. பம்பை வாங்கி, பல்லை விரலால் ஒரு தடவு தடவினார்.

"உங்களுது செயின் இஞ்சினுங்க வாத்தியாரே. நீங்க கொண்டாந்தது பல்சக்கர இஞ்சினோட பம்பு. பல்லு சாய்வைப் பாருங்க, எதிர்ப்பக்கம் போகுது. மாட்டினீங்கன்னா கவ்வாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போர்க்கால ஜீப்பில் கேம் ஷாஃப்ட்டைச் சுற்றுவது சங்கிலி. பின்னால் வந்த இஞ்சின்களில் அதைப் பல்சக்கரமாக மாற்றிவிட்டார்கள். சைக்கிள் சங்கிலியை நினைத்துப் பாருங்கள், முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே திசையில் சுற்றும். ஒன்றோடொன்று கவ்விய இரண்டு பல்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஆகவே கேம் ஷாஃப்ட் சுற்றும் திசையே மாறிவிட்டது. அதற்கேற்ப பம்பின் பல் சாய்வையும் மாற்றி வெட்டினார்கள். இந்த இயற்பியலை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். ஆனால் கையில் பம்பை வைத்துக்கொண்டு எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு விரல் பட்டதுமே தெரிந்தது.

அன்று அவரிடம் போகாமல் இருந்திருந்தால், மல்லுக்கட்டி மாட்டிப் பல்லை உடைத்திருப்பேன், "டூப்ளிகேட் கொடுத்துவிட்டான்" என்று கடைக்காரரையும் திட்டியிருப்பேன்.

"புத்தகம் இருக்கிறதே சார்?" என்பீர்கள். இருக்கிறது. 1944 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட டி.எம். 9-803 என்ற கையேடு. அருமையான புத்தகம், அவசியம் படியுங்கள். ஆனால் அது பேசுவது தொழிற்சாலையிலிருந்து புதிதாக இறங்கிய ஜீப்பைப் பற்றி. நம்மிடம் இருப்பது அதுவல்ல. எஸ்டேட் மேஸ்திரி ஒரு கை வைத்து, லேத்துக்காரர் ஒரு கை வைத்து, மழைக்காலத்தில் மலைப்பாதையில் நின்றபோது கிடைத்ததை மாட்டி, பல வருடம் ஓடிய வண்டி. எது எதோடு சேரும், எது சேர்வதுபோல் ஏமாற்றும் என்பது அந்தக் கைகளுக்குத்தான் தெரியும். இதை எந்தக் கம்பெனியும் அச்சிடவில்லை.

இன்னொன்று. ஐந்தாறு பேர் அக்கறையோடு சொன்னீர்கள்: "எதுக்கு சார் இந்தப் பாடு? டீசல் இஞ்சினைத் தூக்கி வெச்சு, அகல டயர் போட்டுடுங்க." விவசாயிகளும் டிரிப் அடிக்கிறவர்களும் டீசலுக்கு மாறியதை நான் குறை சொல்ல மாட்டேன். வண்டி அவர்களுக்குச் சோறு போட வேண்டியிருந்தது. ஆனால் இன்று ஆசைக்காக ஒரு போர்க்கால ஜீப்பை அறுத்து மாற்றுவது வேறு. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம், எண்ணில் வி.ஏ. என்று வரும். சேஸிஸ், பாடி, இஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றாமல் மூல வடிவில் வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. எனவே முதலில் ஆர்.சி. புத்தகத்தைச் சரிபாருங்கள். பெயின்ட் கடைசி வேலை.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய காரணம் வேறு. இஞ்சினை மாற்றிய அன்றே, அந்த இஞ்சினைப் பற்றித் தெரிந்த பெரியவரிடம் போய்க் கேட்கும் வேலை நமக்கு இல்லாமல் போகிறது. நாம் கேட்காத வித்தை அவரோடு போய்விடும்.

போய்விட்டது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பெரியவர் போன தை மாதம் தவறிவிட்டார். ராணுவத்தில் இருந்த நாள் முதல் அவர் குறித்துவைத்த நோட்டுகள் நான்கைந்து இருந்தன. ஒருமுறை எனக்குப் பிரித்துக் காட்டினார். பென்சிலில் படம், ஓரத்தில் தமிழில் குறிப்பு. "எடுத்துட்டுப் போய்ப் படிங்க" என்றுகூடச் சொன்னார். வண்டி வேலை முடியட்டும், சாவகாசமாக வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது கேட்டேன். வீட்டைச் சுத்தம் பண்ணும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டதாம். அவர்களை நான் என்ன சொல்ல முடியும்? அது என்ன நோட்டு என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான், நான்தான் வாங்காமல் விட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் "இது சேருமா" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்த ஆள் நான். பிள்ளைகளிடம் "நோட்ஸ் எடுத்தாயா?" என்று முப்பது வருடம் கேட்டவன், நோட்ஸ் எடுக்கவில்லை.

அதனால் உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

உங்கள் ஊரில் பழைய ஜீப், ஜோங்கா, சக்திமான் லாரி என்று ராணுவ வண்டிகளில் வேலை பார்த்த பெரியவர் இருந்தால், இந்த மாதமே போய்ப் பாருங்கள். வண்டி இல்லாவிட்டாலும் போங்கள். செல்போனை அணைத்து வைக்காமல், அவர் பேசுவதைப் பதிவு செய்ய வையுங்கள். கையில் ஒரு பாகத்தைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள், சும்மா கேட்டால் நினைவு வராது.

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ எழுதிவைத்த ஒர்க் ஷாப் நோட்டு, அழுக்கு பில், அளவு குறித்த அட்டை இருந்தால் எடைக்குப் போடும் முன் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

பழைய வண்டியைப் பிரிப்பவர்கள், கழற்றுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டுக் கட்டி, எங்கிருந்து எடுத்தது, எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று எழுதுங்கள். சேராததை முக்கியமாக எழுதுங்கள். அடுத்தவனுக்குப் பணம் மிச்சமாவது அதில்தான்.

நானும் தொடங்கிவிட்டேன். பெரியவர் சொன்னதில் நினைவில் நின்றவற்றை நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறேன். முதல் பக்கத்தில் ஆயில் பம்ப்பின் பல் சாய்வைப் படமாகப் போட்டிருக்கிறேன். பதினொரு பக்கம் தேறியிருக்கிறது. அவருக்குத் தெரிந்ததில் அது எத்தனையில் ஒரு பங்கோ.

ஜீப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். ஒரு சுற்றுப் போகலாம். வரும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பிசிக்ஸ் வாத்தியார்