கடல் கொண்ட வெள்ளி

பெரம்பலூரை அடுத்த காரையிலும், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கல்லாய்ச் சமைந்த சிப்பிகளையும் சுருள் சங்குகளையும் நேயர்களில் சிலர் கண்டிருக்கலாம். சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் அங்கே சமுத்திரம் அலை வீசிற்று. அது பின்வாங்கியபோது விட்டுச் சென்றவை அவை. 'என்னுடையதை இழந்தேன்' என்று அவற்றுக்காக வழக்காட எவரும் வரப்போவதில்லை. கப்பலோடு மூழ்கிய சரக்கின் சங்கதி வேறு. கடல் விழுங்கிவிட்டாலும் உடையவனுடைய பாத்தியதை உப்பு நீரில் கரைந்துபோவதில்லை.

கப்பல் மீட்பைத் தொழிலாகக் கொண்டவருக்கும் புதையல் வேட்டைக்காரருக்கும் உள்ள பேதம் இதுதான். முன்னவர் பிறர் பொருளைக் காப்பாற்றிக் கொடுத்துக் கூலி பெறுகிறவர். காப்பாற்றாவிடில் கூலியில்லை என்பது அத்தொழிலின் பழைய நிபந்தனை. 2012-இல் நீலம் புயலின்போது சென்னைக் கரையோரம் தரை தட்டிய 'பிரதிபா காவேரி'யை இழுத்து மறுபடியும் மிதக்கவிட்டார்களே, அது இவ்வகை. அதில் பொன்னுமில்லை, மணியுமில்லை. பின்னவரோ பொருளைத் தேடி இறங்குகிறவர். உடையவன் யார் என்பது அவருக்குப் பிற்பாடு யோசிக்க வேண்டிய விஷயம். 1961-இல் இலங்கையின் தென்கரைக்கு அப்பால் கிரேட் பாஸஸ் பாறைகளருகே அகப்பட்ட அவுரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்களைப் போன்றவை கிடைத்துவிட்டால், கேட்க வருபவர் யார்?

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கப்பல் கிடக்கிறது. 'திலாவா' என்று பெயர். 1942 நவம்பரில் பம்பாயிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்டது. 23-ஆம் தேதி ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோக்களுக்கு இரையாயிற்று. கப்பலிலிருந்த 958 பேரில் 280 பேர் மாண்டனர். பிரயாணிகளில் பெரும்பாலோர் நம்மவர். கூடவே 2,364 வெள்ளிப் பாளங்களும் மூழ்கின. நாணயம் அச்சிடுவதற்காகத் தென்னாப்பிரிக்க அரசாங்கம் இந்திய சர்க்காரிடம் விலைக்கு வாங்கியவை அவை.

2017-இல் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று அவற்றை இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்து, சௌதாம்ப்டன் துறைமுகத்தில் சேர்த்தது. உடையவர் கேட்டுக்கொள்ளவுமில்லை, ஒப்பந்தமும் இல்லை. எடுத்தபின், 'மீட்டுக் கொடுத்தோம், சன்மானம் தருக' என்று வழக்குத் தொடுத்தது! அழையாத வேலைக்காரன் கூலிக்கு நிற்பதைப் போலத்தான். ஆயினும் கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தன. 2024 மே மாதம் பிரிட்டனின் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றி, அயல்நாட்டு அரசாங்கமான தென்னாப்பிரிக்காவை அவ்வழக்குக்கு இழுக்க முடியாது என்றது. தீர்ப்பு வெளியாகுமுன்பே இரு தரப்பாரும் ரகசியமாய் ராஜியாகிவிட்டார்கள்.

கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் வக்கீல்கள் இருந்தார்கள். மாண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இன்றும் இருக்கிறார்கள். அவ்வழக்கு அவர்களைப் பற்றியதன்று, வெள்ளியைப் பற்றியது.