உண்ணுமிடத்துச் சுகாதாரம்

2022-ம் வருஷம் ஜூலைத் தொடக்கத்தில், மாங்கனித் திருவிழா நெருங்கிய சமயத்தில், காரைக்காலில் வாந்திபேதி பரவிற்று. சிலருக்குக் காலராவென்றே ஊர்ஜிதமாயிற்று. புதுச்சேரி அரசாங்கம் பொதுச் சுகாதார நெருக்கடியைப் பிரகடனம் செய்தது. அசுத்த நீரே முதற்காரணமெனக் கருதப்பட்டது. ஆயினும் தலத்தெருவாசிகள் குழாயோடு நின்றுவிடலாகாது. சாக்கடையில் அமர்ந்த ஈ சோற்றிலும் அமர்கிறதன்றோ?

மாதம் ஒருமுறை மருந்தடித்தால் கடமை தீர்ந்ததென ஓட்டல்காரர் சிலர் எண்ணுகின்றனர். இது பெரும்பிழை. வெப்பக் காலத்தில் முட்டை ஈயாவதற்கு 7 முதல் 10 நாட்களே போதும். எச்சிலிலையும் குப்பையும் அன்றன்றே அகன்றால் ஈக்குப் பிறப்பிடமில்லை. மூட்டைகள் சுவரைவிட்டு விலகி, தரைக்கு மேல் பலகையில் இருந்தால் எலிக்கு மறைவிடமில்லை. மருந்து இவற்றுக்குப் பின்னரே. அதுவும் உணவில் படாதவாறு.

சட்டம் இல்லாமலில்லை. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 56-வது பிரிவு, அசுத்தமான நிலையில் உணவு தயாரிப்போருக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. அதிகாரிகள் முன்னறிவிப்பின்றிச் சமையலறையைப் பார்வையிட்டு, கண்டதைக் கடைவாயிலில் ஒட்டவேண்டும். தள்ளுவண்டிக்காரரை விரட்டிவிட்டுப் பெரிய ஓட்டல்களைக் கண்டும் காணாதிருப்பது நீதியாகாது. தினந்தோறும் குப்பையை அகற்றாத நகராட்சி, கடைக்காரரை மட்டும் தண்டிப்பதும் நீதியன்று.

ஜனங்களுக்கும் கடமையுண்டு. சுவரில் மாட்டிய லைஸென்ஸைப் பார்ப்பதோடமையாது, அடுப்பங்கரையையும் காட்டும்படி கேட்கவேண்டும். காசு கொடுத்து உண்பவன் தயவை வேண்டவில்லை. சுத்தமான சோறு அவனது உரிமை.