பயிற்சி யாருக்காக?

மில்லில் புதிதாகச் சேரும் பையனை முதல் நாளே தனியாக ரிங் பிரேமில் நிறுத்துவதில்லை. அறுந்த நூலை ஒட்டப் பழைய தொழிலாளி சொல்லிக் கொடுப்பார். நடவு வயலிலும் அப்படித்தான். ஆனால், ஜனங்களின் மனுவை வாங்கும் சர்க்கார் சிப்பந்திக்கு?

சென்ற மாதம் ஒரு விவசாயத் தொழிலாளியின் விதவை மனைவியோடு நம் ஜில்லாவில் ஓர் ஆபீசுக்குப் போனேன். உதவித்தொகை மனு மூன்று முறை திரும்பியிருந்தது. மூன்று முறையும் வெவ்வேறு காரணம். விதி என்னவென்று கேட்டேன். சீட்டில் இருந்த இளைஞருக்குக் கோபம் வந்தது. பிறகு மெல்லச் சொன்னார்: “இந்த சீட்டுக்கு வந்து இரண்டு வாரம்தான் ஐயா. இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை.” அந்த அம்மாவுக்கு நஷ்டம் மூன்று நாள் கூலி!

பவானிசாகரில் சர்க்கார் சிப்பந்திகளுக்குப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கோப்பும் விதியும் கற்பது அவசியமே. ஆனால் அது மட்டும் போதுமா?

நம் ஜில்லாவே பதில் சொல்லியிருக்கிறது. 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தரப்பட்டது. கல்குவாரிப் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் பழகினார்கள். கிராம சேவிகாக்களும் அங்கன்வாடி ஊழியர்களும் நர்சுகளும் பழகினார்கள். சைக்கிள் வாங்கக் கடனும் கிடைத்தது. பஸ்ஸை எதிர்பார்த்து நின்ற ஊழியர், பஸ் போகாத ஊருக்கும் தாமே போனார். வேலைக்கு ஏற்ற பயிற்சி, அதற்கு வேண்டிய சாதனம், கூடவே ஜனங்களும் கற்றது. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் பலன் கிட்டியது.

காலியிடங்களை நிரப்பாமல், தொகுப்பூதியத்தில் ஆளைப் போட்டு, பிறகு “சிப்பந்தி சோம்பேறி” என்று பழி சொல்வது என்ன நியாயம்? மிஷினைப் பழுது பார்க்காத முதலாளி தொழிலாளிக்கு அபராதம் போடுவது போன்றதுதான் இது. அதற்காக லஞ்சம் வாங்குபவனை நாம் மன்னிக்கப் போவதில்லை. அவனுக்குத் தேவை பயிற்சியல்ல, தண்டனை.

சீட்டில் அமருமுன் ஒவ்வொரு சிப்பந்திக்கும் அந்த வேலையில் பயிற்சி கொடு, சில நாட்களாவது அவரைக் கிராமத்துக்கு அனுப்பு, காலியிடங்களை நிரப்பு! சம்பளக் கோரிக்கையோடு இவற்றையும் சர்க்கார் ஊழியர் சங்கங்கள் எழுப்ப வேண்டும். அப்போது உழைக்கும் ஜனங்கள் அவர்கள் பக்கம் நிற்பார்கள்.

தோழர்களே, நாமும் கற்போம். மனு கொடுத்தால் தேதியிட்ட ரசீது கேளுங்கள். 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். தனியாகப் போகாதீர்கள், சங்கமாகப் போங்கள்!