கருங்குதிரையும் கண்கூசும் வெளிச்சமும்

நிழற்படம் எடுப்பது எளிது. நியாயமாக எடுப்பது அரிது. "நிழற்படத்தில்கூட நீதி, அநீதி உண்டா?" என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். உண்டு என்பதே என் கருத்து. அதை எனக்குக் கற்பித்தவை கோடியக்கரைக் குதிரைகள்.

வேதாரணியத்தை அடுத்த கோடியக்கரையில் 1967-இல் அமைந்த வனவிலங்குச் சரணாலயத்தை நாமெல்லாம் அறிவோம். வெளிமானும் பூநாரையும் அதன் பெருமைகள். அவற்றோடு, என்றோ மனிதர் கையிலிருந்து விலகிக் காட்டு வாழ்க்கைக்குத் திரும்பிவிட்ட மட்டக்குதிரைகளும் அங்கே மேய்கின்றன. உறவினர் திருமணத்திற்காக அப்பக்கம் சென்ற நான், அண்ணனிடம் இரவல் வாங்கிய காமிராவுடன் நண்பகலில் அங்கே போய் நின்றேன். மேலே உச்சி வெயில். கீழே உப்புப் பூத்த சேற்று நிலம். நடுவே கருஞ்சிவப்பு நிறக் குதிரைகள். நாற்பது படங்கள் எடுத்தேன். வந்து பார்த்தால் வானம் அழகு, நிலம் அழகு. குதிரை மட்டும் கறுப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல் இருந்தது! கண் இல்லை, பிடரி இல்லை, உயிரே இல்லை.

குற்றம் யாருடையது? காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குக் குதிரை எது, மணல் எது என்று தெரியாது. எதிரே இருப்பதெல்லாம் சராசரியில் சாம்பல் நிறம் என்றே அது கணக்கிடுகிறது. பளீரென்ற உப்பு வெளியைக் காட்டினால், "வெளிச்சம் மிகுதி" என்று ஒளியைக் குறைத்துவிடும். நிலம் தப்பிவிடுகிறது, குதிரை இருளில் மூழ்குகிறது. நம் கண்ணோ இரண்டையும் மாறி மாறிப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. காமிராவுக்கு அந்த வசதி இல்லை. ஒளியில் ஒரு படி என்றால் இரு மடங்கு. பத்துப் படி என்றால் 1024 மடங்கு. வெயில் சுடும் வெளியையும் கருங்குதிரையின் வயிற்று நிழலையும் ஒரே சட்டத்தில் முழுமையாக அடக்குவது எளிதன்று. எதையேனும் இழந்தே தீர வேண்டும். எதை இழப்பது என்பதை நாம் முடிவு செய்யாவிட்டால் கருவி முடிவு செய்துவிடும்.

மறுநாள் காலை இளவெயிலில் மீண்டும் சென்றேன். கதிரவனைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டேன். ஒளிமானி சொன்னதைவிட ஒன்றரைப் படி ஒளியைக் கூட்டினேன். (கருங்குதிரையே சட்டம் முழுவதையும் நிறைத்தால் இதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும், வெண்குதிரை நிறைத்தால் கூட்ட வேண்டும்.) இம்முறை வானம் வெளுத்துப் போயிற்று. போகட்டும்! குதிரையின் விழியில் ஒளிப்பொட்டு தெரிந்தது. விலாவில் பழைய தழும்பு ஒன்றும் தெரிந்தது.

இனி எங்கள் எளாவூர்ப் பக்கம் வருகிறேன். ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. பூநாரை வரும் காலத்தில் பெரிய பெரிய காமிராக்களுடன் பலர் வருகிறார்கள். அப்படி வந்த ஒருவர் எடுத்த படம் எங்களிடம் வந்து சேர்ந்தது. பொன்னாக மின்னும் நீர். இறகு இறகாகத் தெளிந்த பறவைகள். ஓரத்தில் இடுப்பளவு நீரில் இறால் பிடிக்கும் ஒரு கரிய உருவம். சித்தி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்று கேட்டார். அது சித்திதான்! அந்தப் படத்தில் பறவைக்குக் கண் உண்டு. உழைப்பவளுக்கு முகம் இல்லை.

இது வெறும் கவனக்குறைவு என்று தள்ளிவிட இயலாது. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு அளவுகோலாக அனுப்பிய 'ஷர்லி அட்டை'யில் நெடுங்காலம் வெள்ளை நிறப் பெண்ணின் முகமே இருந்தது. அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி! இதனைக் கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியுள்ளார். கறுத்த முகங்கள் தெளிவின்றிக் கிடந்ததற்காக மட்டும் அந்த நிலை மாறிவிடவில்லை. பழுப்பு நிற வேறுபாடுகள் தெரியவில்லை என்று சாக்லேட் செய்பவர்களும் மரச்சாமான் செய்பவர்களும் முறையிட்டது, மாற்றத்திற்கு ஒரு காரணமாயிற்று. பின்னர் மேம்பட்ட படச்சுருள் வந்தபோது, மங்கிய ஒளியிலும் கருங்குதிரையின் நுணுக்கங்களைக் காட்டும் என்று அந்நிறுவனத்தார் பெருமைப்பட்டனராம். மனிதரைச் சொல்லக் கூசிக் குதிரையைச் சொன்னார்கள் போலும்!

"நிழலுருவமும் ஒரு கலைதானே?" என்று சிலர் கேட்கலாம். மறுக்கவில்லை. 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் 12 காமிராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். வெள்ளைத் திரையின் முன் அது ஏறக்குறைய நிழலாகவே விழுந்தது. ஆயினும் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டெழும் கணம் உண்டு என்பதை அந்த நிழலே மெய்ப்பித்தது. குதிரையின் கால்களை அறிய நிழல் போதும்; குதிரையை அறிய நிழல் போதாது. மனிதரை அறிய அறவே போதாது.

ஆகவே, மாணவ நண்பர்களே! இன்று நம் கைப்பேசியிலேயே காமிரா இருக்கிறது. திரையில் முகத்தின் மீது விரல் வைத்து, ஒளியைச் சற்றே கூட்டுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். நாளையும் வானம் இருக்கும். நம் கல்லூரி விழாப் படங்களிலும் மேடை விளக்கின் பளபளப்பு வேண்டுமா, மேடையில் நிற்பவரின் முகம் வேண்டுமா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

சென்ற மாதம் சித்தியை ஏரியில் நான் படமெடுத்தேன். நீர் வெறும் வெள்ளையாகத்தான் விழுந்தது. படத்தை வாங்கிப் பார்த்த சித்தி, "நெற்றியில் சேறு அப்பியிருக்கே, சொல்லக் கூடாதா?" என்று என்னைக் கடிந்துகொண்டார். அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

— இளங்கலை மூன்றாம் ஆண்டு, இயற்பியல்