முதலில் புல்!

நண்பர்களே, கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம் தெரியுமா? 1984-இல் திறந்தது. ஒரு காலத்தில் 1,20,000 பேர் உட்காரலாமாம்! 2017-இல் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தபோது, இன்னும் கூட்டம் சேர்க்கலாம்னு யாரும் நினைக்கவில்லை. செயற்கைப் புல்லை எடுத்துவிட்டு நிஜப் புல் வளர்த்தார்கள். படிகளில் தனித்தனி இருக்கை. இறுதிப்போட்டியைப் பார்த்தவர்கள் 66,684 பேர்தான். இங்கிலாந்து 5-2 என ஸ்பெயினை ஜெயித்தது.

எனக்கு இதுதான் சரின்னு படுது. நம்ம பக்கம் கிரவுண்டைச் சரிபண்றதுன்னா முதல்ல கேலரிக்குப் பெயிண்ட்! கட்டாந்தரையில் டைவ் அடித்தால் முழங்கை என்னாகும்னு கோல்கீப்பரான எனக்குத்தான் தெரியும். (சட்டை கிழிந்து அம்மாவிடம் வாங்கியது தனிக்கதை.) உப்பளம் ஸ்டேடியமோ நம் பள்ளி மைதானமோ, எதைப் புதுப்பித்தாலும் முதல் செலவு புல்லுக்கும் தண்ணீருக்கும் இருக்கட்டும். வி.ஐ.பி. நாற்காலி அப்புறம் வாங்கிக்கலாம்.